ஒன்பதுக்கு ஒன்று

எத்தனை கோல் அடித்தால் இந்த ஆட்டம் முடியும் என்று எங்கள் துரையிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். முள் சுற்றி வந்தால்தான் முடியுமாம். என்ன விளையாட்டய்யா இது! எங்கள் சடுகுடுவில் மூன்று பழம் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே குடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு அவரவர் லயத்து வீட்டுக்குப் போவோம்.

சம்பந்தி வீட்டார் எதிரெதிராக ஆடினால் எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தோற்கிற பக்கத்துக்குக் கடைசியில் ஒரு பழம் விட்டுக்கொடுத்துவிடுவோம். பாடிக்கொண்டு வருகிறவனைப் பிடிக்கிற மாதிரி பிடித்து நழுவ விடுவோம். அவனுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். உறவுக்காரனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். இதில் என்ன தப்பு இருக்கிறது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் கணபதி. மடுல்சீமைப் பக்கம் கூனமலைத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் நடந்தது. எங்கள் துரைக்குப் பெரிய மீசை, அதனால் மீசைத் துரை. அவர் கொழும்பிலிருந்து ஒரு தோல் பந்தை வரவழைத்து, ஆட்களில் பதினொரு பேரைப் பொறுக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற சமதரையில் எங்களை ஓட விட்டார். வெறுங்காலோடு ஓடினோம். அந்தப் பதினொரு பேரில் கோல் அடிக்கிறவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் கால் அப்படி.

எதிர்மலையில் நாவலடித் தோட்டம். நடுவில் ஒரு ஓடைதான் எல்லை. அங்கே இருந்தவர் சுருட்டுத் துரை. தூங்கும்போதாவது அந்தச் சுருட்டை வாயிலிருந்து எடுப்பாரா என்று அவருடைய ஆட்களே கேட்பார்கள். எங்கள் துரையைப் பார்த்து அவரும் ஒரு பந்து வாங்கினார், பதினொரு பேரைச் சேர்த்தார். அந்தப் பதினொன்றில் கோல் காக்கிறவன் அழகையா. என் தங்கை ரெங்கம்மாவின் புருஷன்.

ரெங்கம்மாவுக்கு அது தலைப்பிரசவம். சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு அரை நாள் வந்திருந்தாள். எட்டாம் மாதம். எங்கள் அம்மா கருப்பம்மா, கூனமலையில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் கையில் வாங்கியவள். அவள் ரெங்கம்மாவைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குடா கணபதி," என்றாள் என்னிடம்.

"அப்படின்னா?"

"அப்படியே இருந்தா வெளிய வராது. எண்ணெ போட்டு நீவி நீவித் திருப்பணும். ஒரு நாள்ல ஆவுற காரியமில்ல. பத்துப் பதினஞ்சு நாள் அவ எங்கைக்குள்ள இருக்கணும்."

நாவலடியில் பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண் யாரும் இல்லை. இருந்த ஒருத்தியும் முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த லயங்களில் இரண்டு பேர் பிரசவத்திலேயே செத்தார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பசறை வரை மலையிறங்கி, அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். அதற்கும் துரையின் சீட்டு வேண்டும். எதற்குத்தான் வேண்டாம்! சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓர் ஆள் போனால் பிடிவாரண்டு. அதற்கு முந்தின வருஷம் நாவலடியிலிருந்து சொல்லாமல் போன ஒரு புருஷன் பெண்டாட்டியை அப்புத்தளை ரயில் ஸ்டேஷனில் வைத்துப் பிடித்து, கயிறு கட்டிக் கூட்டி வந்ததை நாங்களே ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம்.

அழகையா இரண்டு தடவை ஆபீசுக்குப் போய்க் கேட்டான். கொழுந்துக் காலம், ஆள் பற்றாது என்று விரட்டிவிட்டார்கள். நான் எங்கள் பெரிய கங்காணியிடம் போய், நம் துரையை விட்டு அந்தத் துரையிடம் கேட்கச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அவரு பெரட்டுல பேரு இருக்குற ஆளை நம்ம தொரை கேட்டா, ஆள் இழுக்குறான்னு சண்டைக்கு வருவாரு. பேசாம போ."

இந்த நிலைமையில்தான் ஆட்டம் குறித்தார்கள். வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மைதானத்தில். வெள்ளிக்கிழமை அழகையா ஓடைக்கரைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான்: "மச்சான், தொரைகிட்ட நேராவே கேட்டுட்டேன். ஞாயித்துக்கெழம ஆட்டம் நல்லா அமையட்டும், திங்கக்கெழம ஆபீசுக்கு வா, பேசுவோம்னு சொல்லியிருக்காரு."

எனக்கு உயிர் வந்தது. ஆட்டத்தில் நாங்கள் தோற்றுவிட்டால் போதும், சுருட்டுத் துரை மனம் குளிர்ந்து சீட்டு எழுதிவிடுவார். தோற்பது என்ன பெரிய வித்தையா? நான் பந்தை வெளியே அடித்தால் முடிந்தது. அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "பாழாப்போன பந்து நல்லதும் செய்யுதே," என்று அவள் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி இரண்டு தோட்டத்துச் சனமும் நின்றது. மேல்பக்கம் கூடாரம் போட்டு நாற்காலிகள். பதுளையிலிருந்தும் பசறையிலிருந்தும் ஏழெட்டுத் துரைமார் குதிரையில் வந்திருந்தார்கள். இரண்டு துரைச்சாணிமார் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டுத் துரை நடு நாற்காலியில், காலடியில் இரண்டு நாய்களோடு இருந்தார். எங்கள் துரையே கையில் விசில் வைத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்.

ஆட்டம் தொடங்கியதுமே தோற்பது லேசில்லை என்று தெரிந்துவிட்டது. நாவலடி ஆட்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பந்து எங்கே போகிறதோ பதினொரு பேரும் அங்கே ஓடினார்கள். அழகையா மட்டும் கோலில் நின்று பூனை மாதிரிப் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். அவன் பிடிக்கப் பிடிக்க எனக்கு மனசுக்குள் சந்தோஷம். இரண்டு தடவை பந்து தானாக என் காலுக்கு வந்தது. இரண்டையும் தேயிலைக்குள் அடித்தேன்.

துரை விசில் ஊதிவிட்டு என்னிடம் வந்தார். "கணபதி! கண் இல்லையா? நான் பாக்குது. இன்னொரு தடவை இப்படி அடி, பதினொரு ஆளுக்கும் ஒரு வாரம் அரைப்பேர்."

அரைப்பேர் என்றால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரை நாள் வேலை என்றுதான் பெரட்டில் விழும். எனக்கு மட்டும் போட்டிருந்தால் போட்டுக்கொள் என்றிருப்பேன். பதினொரு பேருக்கும் என்றாரே! எங்கள் பக்கம் கோல் காக்கிற கந்தப்பன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். அவனுக்கு நான்கு பிள்ளைகள்.

"ஒந் தங்கச்சி கத எல்லாருக்கும் தெரியும்டா. அதுக்காக எங்க வயித்துல அடிக்காத."

நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள். அடித்தேன். முதல் கோல், இரண்டாவது கோல், மூன்றாவது. சடுகுடுவாக இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் அடிக்கிற ஒவ்வொன்றுக்கும் எங்கள் சனம் தப்படித்தது. ஐந்தாவது கோல் விழுந்தபோது பாதி ஆட்டம் முடிந்து துரை விசில் ஊதினார்.

தண்ணீர் குடிக்கும்போது எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். சுருட்டுத் துரை எழுந்து கோல் பக்கம் நடந்து போய் அழகையாவிடம் ஏதோ சொன்னார். அவன் தலையைக் குனிந்து நின்றான். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க முடியும்? அவர் போனதும் அழகையா என்னை நோக்கி வந்தான். கெஞ்சத்தான் வருகிறான் போலிருந்தது. பாதி தூரம் வருவதற்குள் அவர்களுடைய கங்காணி அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுபாதியில் ஆறு, ஏழு. அழகையாவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அப்படியும் பாய்ந்தான். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று போனது. ஏழாவது கோலுக்குப் பிறகு நான் துரையிடம் ஓடிப்போய்க் கும்பிட்டேன்.

"தொரைகளே, இது போதுமுங்க. நாம ஜெயிச்சுட்டோமுங்க. கொஞ்சம் நிறுத்திக்கிறோமுங்க."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. எனக்குப் புரிய வைக்கப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்: "நிறுத்தினா அவனுக்கு வெக்கம் கணபதி. நீ நல்லா அடி. அதுதான் மரியாதை."

மரியாதையாம்! ஏழு வாங்கினவனுக்கு இன்னும் கொடுப்பது மரியாதையாம். இந்த வெள்ளைக்காரனுக்கு ஆசை அடங்கவில்லை, அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பி ஓடினேன். எட்டு. ஒன்பது.

ஒன்பதாவது விழுந்ததும் கூடாரத்தைப் பார்த்தேன். சுருட்டுத் துரை சுருட்டை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை போச்சு, சீட்டு போச்சு, ரெங்கம்மா போச்சு என்று என் காது இரண்டும் இரைந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நாவலடி எங்களிடம் பெண் எடுத்த தோட்டம். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? கந்தப்பனுக்குக் கண் காட்டினேன். அவனுக்கு உடனே புரிந்தது. அவனும் இத்தனை அடித்துவிட்டோமே என்று குறுகிப்போய்த்தான் நின்றான். மற்றவர்களுக்கும் புரிந்தது. பந்தை நானே எங்கள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து நாவலடி ஆள் ஒருவன் காலில் போட்டேன். எங்கள் ஆட்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். அவன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். "அடிங்க, அடிங்க," என்றேன். அடித்தான். பந்து மெதுவாக உருண்டு வந்தது. கந்தப்பன் அதற்கு எதிர்ப்பக்கமாக விழுந்து புரண்டான்.

கோல்!

இரண்டு தோட்டத்துச் சனமும் கைதட்டிச் சிரித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நாவலடி ஆட்களும் சிரித்தார்கள், எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். அன்று காலையிலிருந்து எனக்கு அப்போதுதான் மூச்சு விட முடிந்தது. கூடாரத்தில் இருந்த துரைமாரும் சிரித்தார்கள். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு துரைச்சாணி சுருட்டுத் துரையைப் பார்த்து ஏதோ சொல்லிக் கை தட்டினாள்.

சுருட்டுத் துரை எழுந்தார். சுருட்டைத் தரையில் போட்டு மிதித்தார். நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு, யாருக்கும் கை கொடுக்காமல், குதிரையில் ஏறிப் போய்விட்டார். எங்கள் துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். "முட்டாள்," என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு அரைப்பேர் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை மதியம் நாவலடிக் காவல்காரன் மூலமாகத் தெரிய வந்தது. அழகையா ஆபீசுக்குப் போயிருக்கிறான். கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்தே துரை சொல்லிவிட்டாராம்: நாவலடி ஆள் ஒருத்தரும் ஓடையைத் தாண்டக் கூடாது, கூனமலை ஆள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக் கூடாது, வந்தால் ஆள் இழுக்க வந்ததாகப் பிடித்துக் கொடு.

அம்மா கேட்கவில்லை. மறுநாள் எண்ணெய்ப் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனாள். ஓடைக்கரையிலேயே காவல்காரன் மறித்தான்.

"ஆத்தா, எம் மவனையே ஒங்க கையிலதானே வாங்குனீங்க. நான் மறிப்பேனா? ஆனா ஒங்கள விட்டேன்னு தொரைக்குத் தெரிஞ்சா எங் குடும்பத்தையே தோட்டத்த விட்டுப் பத்தி விட்டுருவாரு. போயிருங்க ஆத்தா."

அவனே அழுதான். அவனை என்ன சொல்ல? அம்மா திரும்பி வந்தாள். அதற்கடுத்த நாளும் போனாள். எத்தனை நாள் போனாள் என்று நான் எண்ணவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டம் நடந்து மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை காலையில், ரெங்கம்மாவுக்கு வலி கண்டது. காவல்காரன் பெண்டாட்டி ஓடைக்கு ஓடி வந்து சொன்னாள். அம்மா ஓடைக்கரைக் கல்லில் போய் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் காவல்காரன் பெண்டாட்டி. அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவள் லயத்துக்கு மேடேறி ஓடுவாள். அங்கே பார்த்துவிட்டு இறங்கி வருவாள்.

"தலை எங்க தட்டுப்படுதுன்னு பாரு. வலப்பக்கமா, எடப்பக்கமா?"

"தெரியலயே ஆத்தா."

"கைய வச்சுப் பாருடி! கெட்டியா உருண்டையா இருக்கும். எண்ணெய வெதுவெதுப்பா போட்டு, மேல இருந்து கீழ நீவு. அமுக்காத. அமுக்கிறாத!"

அவள் ஓடுவாள். அரை மணி ஆகும் வருவதற்கு. அம்மா தன் இரண்டு கையையும் காற்றில் நீட்டி, இப்படி, இப்படி என்று நீவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எட்டித் தாண்டினால் தாண்டிவிடலாம் அந்த ஓடையை. நான் தாண்டியிருக்கலாம். தாண்டி என்ன செய்வது? எனக்குப் பந்துதான் உதைக்கத் தெரியும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்கலாம். எதிர்க்கரையில் கங்காணி இரண்டு ஆட்களோடு தடி வைத்துக்கொண்டு நின்றார். மத்தியானம் அம்மா எழுந்து அவரைப் பார்த்துத் தரையில் விழுந்து கும்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு மணிக்கு அந்தப் பெண் மெதுவாக இறங்கி வந்தாள். ஓடவில்லை. அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெங்கம்மா பொழச்சுக்கிட்டா ஆத்தா," என்றாள். "ஆம்பளப் புள்ள."

பிள்ளை அழுததா என்று நாங்கள் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் சுருட்டுத் துரை சீட்டு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் லீவு. ரெங்கம்மாவால் கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாது, காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது மயங்கி விழுந்தாளாம். இங்கே கிடந்து என்ன பிரயோஜனம், தாய் வீட்டுக்கு அனுப்பு என்று அவரே சொன்னாராம். அழகையா அவளை மட்டும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். அம்மா அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள்.

நான் வாசலில் அழகையாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன செருப்பால அடி மாப்ள. ஒம்பது அடிச்சேனே. ஒம்பது! பாவி, ஒண்ணையாவது வெளிய அடிச்சிருக்கலாமே."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்கையில் அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"ஒம்பதப் பத்தி யாரு பேசுனா மச்சான்? பாதி ஆட்டத்துல தொரை எங்கிட்ட வந்தாருல்ல, என்ன சொன்னாருன்னு தெரியுமா? இந்த மலையில ஒன்ன மாதிரி கோல்காரன் யாரும் இல்ல, ஒன் சீட்டு நாளைக்கு ரெடியா இருக்கும்னாரு. அதச் சொல்லத்தான் ஒங்கிட்ட வந்தேன். விடல."

"பெறகு ஏன் குடுக்கல?" என்றேன்.

"இன்னும் ஒம்பது அடிச்சிருந்தாலும் அவரு எழுதியிருப்பாரு. அந்த ஒண்ணுக்கு எல்லா தொரைமாரும் அவரப் பாத்து சிரிச்சாங்க மச்சான். கூலிக்காரன் ஒனக்குப் பிச்ச போட்டான்னு சிரிச்சாங்களாம். நீயும் ஒம் மச்சானும் பேசி வச்சு ஆடுனீங்க, நீ புடிச்சதெல்லாம் நடிப்புன்னு என்னப் பேசுனாரு. நான் நடிக்கல மச்சான். நான் உசுரக் குடுத்துப் புடிச்சேன்." அவன் குரல் உடைந்துவிட்டது. "அந்த ஒண்ண ஏன் விட்டீங்க?"

நம் வழக்கம் என்று சொல்லவா? அது அவனுக்கே தெரியும். அவனும் அன்று சிரித்தவன்தான்.

அடுத்த மாதம் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு ஆட்டம் வைத்தார்கள். நான் வரவில்லை என்றேன். பெரிய கங்காணி, துரை உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், வராமல் இருந்து பார் என்றார். போனேன். அவர்களும் நாவலடி மாதிரிதான், பந்து போகிற பக்கமெல்லாம் ஓடினார்கள். கோலில் நின்றவர் என்னைவிட மூத்தவர், நரை விழுந்த தலை. எட்டாவது கோல் வாங்கிக்கொண்டு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீங்களும் நம்ம சனந்தானே? ஊருக்குப் போனா மொகத்துல முழிக்கணும். ஒண்ணே ஒண்ணு விட்டுக் குடுங்களேன்."

"முடியாதுங்க அண்ணே," என்றேன்.

பந்து வந்தது. அவர் நின்ற பக்கத்தைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக அடித்தேன்.